ஜெர்மனியில் படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு முகவரி தேடுங்கள்

ஜெர்மனிக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் அட்மிஷனைப் பற்றியும் விசாவைப் பற்றியும்தான். தங்க இடம் பார்த்தாச்சா என்று நான் திருப்பிக் கேட்டால், "அதெல்லாம் போய் இறங்கிப் பாத்துக்கலாம்ணா" என்பார்கள். 2019 அக்டோபரில் ஆஹன் நகரில் நான் இறங்கியபோதும் இதே நினைப்புதான். எட்டுப் பேர் தூங்கும் விடுதி அறையில் இரண்டு பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, இரண்டரை வாரம் வீடு தேடினேன். ஒரு நாளைக்கு 30 யூரோ போனதுகூடப் பெரிதில்லை. முகவரி இல்லாததால் மற்ற எந்த வேலையும் நகரவில்லை, அதுதான் வலித்தது.

நம் ஊரில் வீடு கிடைக்கவில்லை என்றால் சித்தப்பா வீட்டில் இரண்டு மாதம் தங்கலாம். யாரும் ஒரு காகிதம் கேட்க மாட்டார்கள். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், "நான் இங்கே குடியிருக்கிறேன்" என்று பதிய வேண்டும். இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். பதிவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் வேண்டும். பதிந்தால்தான் பல வங்கிகள் கணக்குத் திறக்கும். கணக்கு இருந்தால்தான், விசாவுக்காக முன்கூட்டியே போட்டுவைத்து, பிளாக்டு அக்கவுண்டில் முடங்கிக் கிடக்கும் உங்கள் சொந்தப் பணம் மாதாமாதம் வெளியே வரும். வருமான வரி எண்ணும் குடியிருப்பு அனுமதி அட்டையும் இந்தப் பதிவுக்குப் பிறகுதான். ஆகவே நீங்கள் தேடுவது வெறும் அறையை அல்ல, பதிவு செய்யக்கூடிய அறையை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எப்போது தொடங்குவது?

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது அதற்குத்தான். பொங்கல் முடிந்த கையோடு ஏபிஎஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நம் பட்டமும் மதிப்பெண் பட்டியலும் உண்மைதானா என்று சரிபார்த்துத் தரும் காகிதம் அது. கட்டணம் 18,000 ரூபாய். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது இல்லாமல் விசா இல்லை. நான் போன காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவதற்கே எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

பல படிப்புகளுக்கு ஜூலை 15 கடைசி நாள். ஆனால் ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகளில் வெளிநாட்டவருக்கான தேதி மார்ச், ஏப்ரலிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்களுக்காகச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அடுத்து சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பதினைந்து பல்கலைக்கழகங்களுக்குப் போட்டுத் தள்ளாதீர்கள். ஐந்தாறு போதும்.

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே இரண்டு வேலை: விசாவுக்கு விண்ணப்பம், மாணவர் விடுதிக்கு விண்ணப்பம். விசா வந்த பிறகு வீடு பார்க்கலாம் என்று ஆடி ஆவணி வரை காத்திருந்தால், உங்களுக்கு முன்னால் வரிசையில் சில நூறு பேர் நிற்பார்கள்.

பணம்

பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த தொகை இது. மாதத்துக்கு 992. அவ்வப்போது உயர்த்துவார்கள் என்பதால், பணம் அனுப்பும் வாரத்தில் தூதரகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்விக்கடனில் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. விசா வந்தால்தான் பணம் தருவோம் என்பார் வங்கி மேலாளர். பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருந்தால்தான் விசா என்பார்கள் தூதரகத்தில். விசாவுக்கு முன்பே அந்தத் தொகையை விடுவிப்பார்களா என்பதைக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு, ஒப்புதல் கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், மேலாளர் மாற்றலாகிப் போய்விடுவார். சொந்தப் பணமாக அனுப்பினால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியை வங்கியில் பிடிப்பார்கள். இன்றைய மதிப்பில் 11,904 யூரோ அந்த எல்லையைத் தாண்டிவிடும். அனுப்பும்போதே படிப்புக்கான பணம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

பலரும் கோட்டைவிடுவது வேறு இடத்தில். பிளாக்டு அக்கவுண்ட் பணம் முதல் நாளே கைக்கு வராது. ஆனால் முதல் மாதத்தில்தான் செலவெல்லாம் வந்து விழும்: அறைக்கு முன்பணம், முதல் வாடகை, செமஸ்டர் கட்டணம், காப்பீடு, தலையணை, சட்டி. குறைந்தது 2,500 யூரோ ஃபோரெக்ஸ் கார்டில் தனியாக இருக்கட்டும். மாமாவிடம் கைமாற்றாக வாங்கினாலும் பரவாயில்லை.

எந்த ஊர் என்பதே பாதி வாடகை

மியூனிக் என்றவுடன் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அங்கே பகிர்வு வீட்டில் ஓர் அறை 800 யூரோ அளவில் போகிறது. 992-இல் வாடகை 800, மாணவர் மருத்துவக் காப்பீடு 140-150 என்றால் மிச்சம் 50 யூரோ அளவில்தான். அதே பாடத்தைக் கெம்னிட்ஸிலோ மக்டபர்கிலோ படித்தால் வாடகை பாதிக்கும் கீழே. கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இலிருந்து வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்குகிறது. பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்றால், ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்ய அனுமதி உண்டு. ஜெர்மன் தெரியாமல் முதல் செமஸ்டரில் வேலை கிடைப்பது கடினம். அதை வரவில் எழுதிவிடாதீர்கள்.

எல்லையோர ஊர்களில் இன்னொரு கண்ணி. ஆஹனிலிருந்து பேருந்தில் ஏறினால் நெதர்லாந்தின் வால்ஸ் வந்துவிடும். அறைகள் கிடைக்கும், ஜெர்மன் மாணவர்கள் பலர் அங்கே குடியிருக்கிறார்கள். ஆனால் நம் ஜெர்மன் மாணவர் விசா நெதர்லாந்தில் குடியிருக்க உரிமை தராது. அங்கே ஒரு நல்ல அறையைப் பார்த்துவிட்டு, கிட்டத்தட்டக் கையெழுத்துப் போடப் போனேன். வகுப்பில் இருந்த மலையாளி நண்பர் ஒருவர்தான் தடுத்தார்.

மாணவர் விடுதி

ஜெர்மனியில் விடுதிகளைப் பல்கலைக்கழகம் நேரடியாக நடத்துவது குறைவு. ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற அமைப்புகள் நடத்துகின்றன. நாடு முழுவதும் 57 இருக்கின்றன, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று. பல்கலைக்கழக கேன்டீனும் அவர்களுடையதே. பெரும்பாலும் 250 முதல் 400 யூரோவுக்குள், மின்சாரம், ஹீட்டிங், இணையம் எல்லாம் சேர்த்து, கட்டிலும் மேசையும் போட்ட அறை கிடைக்கும். பதிவுக்கான படிவம் சிக்கலில்லாமல் கையில் வரும். முதல் முயற்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சில ஊர்களில் அட்மிஷன் வருவதற்கு முன்பே காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். கொடுத்துவிடுங்கள். படிவத்தில் ஒரே விடுதியை மட்டும் டிக் செய்யாமல், தூரமான விடுதிகளையும் பொதுச் சமையலறை உள்ளவற்றையும் சேர்த்துக் குறியுங்கள். "இன்னும் உங்களுக்கு அறை வேண்டுமா?" என்று நடுவில் ஒரு மின்னஞ்சல் வரலாம். பதில் போடாவிட்டால் பெயரை நீக்கிவிடும் ஊர்கள் உண்டு. அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கும், வாரம் ஒருமுறை அங்கேயும் எட்டிப் பாருங்கள். தேவாலயங்கள் நடத்தும் விடுதிகளும் இருக்கின்றன, பல இடங்களில் மதம் ஒரு தடையில்லை. நம் ஆட்கள் அவற்றைத் தேடுவதே இல்லை.

பகிர்வு வீடு

இதை வே-கே என்பார்கள். மூன்று நான்கு பேர், ஆளுக்கொரு அறை, பொதுவாகச் சமையலறையும் குளியலறையும். வே-கே-கெஸூக்ட் என்ற தளத்தில்தான் பெரும்பாலான அறைகள் வரும். இங்கே முடிவெடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்ல, ஏற்கெனவே குடியிருக்கும் மாணவர்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரி ஒரு சந்திப்பு இருக்கும். தேநீர் கொடுத்து, என்ன சமைப்பாய், பாத்திரம் எப்போது கழுவுவாய், வார இறுதியில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள்.

நான் அனுப்பிய முதல் நாற்பது செய்திகளும் கல்லூரி முதல்வருக்கு எழுதும் லீவ் லெட்டர் போல இருந்தன. மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, நான் இன்ன ஊரிலிருந்து வந்திருக்கும் ஒழுக்கமான மாணவன், மது புகை இல்லை, அறையை அருள்கூர்ந்து தரவும். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. நாற்பத்தோராவது செய்தியை ஒரு சீனியர் அக்கா உட்கார வைத்துத் திருத்தினார். விளம்பரத்தைக் கடைசி வரி வரை படிக்கச் சொன்னார். அதில் அவர்கள் வளர்க்கும் பூனையின் பெயர் இருந்தது. "வணக்கம் லேனா, யோனாஸ்! உங்கள் பூனை என் வரவை ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சி. திருச்சியில் எங்கள் வீட்டிலும் இரண்டு பூனைகள்" என்று தொடங்கி, என்ன படிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தோசை சுடுவேன், எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு நாள் வேண்டும், எப்போது வீடியோவில் பேசலாம் என்று எட்டே வரி. ஜெர்மனில், பிழையோடு. அன்று மாலையே பதில் வந்தது.

எட்டு வரி போதும், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக எழுதுங்கள். விளம்பரம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். நம் நேரம் மூன்றரை மணியோ நான்கரை மணியோ முன்னால் இருப்பதால், அங்கே மாலை என்றால் இங்கே இரவு. கொஞ்சம் தூக்கம் கெடும்.

நிரந்தர அறை ஊரிலிருந்தே கிடைப்பது அபூர்வம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பாலம், ஸ்விஷன்மீட்டே. விடுமுறைக்கோ பயிற்சிக்கோ வெளியூர் போகும் மாணவர் தன் அறையைச் சில மாதம் உள்வாடகைக்கு விடுவது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இவை நிறைய வரும், போட்டியும் குறைவு. விசா தேதி இடம் கொடுத்தால் செப்டம்பர் தொடக்கத்திலேயே போய் இப்படி ஓர் அறையில் இறங்கி, அங்கிருந்தபடி நேரில் வீடு பாருங்கள். அக்டோபர் என்பது ஊரே வீடு தேடும் மாதம். உள்வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு கேள்வி கட்டாயம்: வீட்டுக்காரரின் சம்மதம் உண்டா? ஆன்மெல்டுங் செய்ய முடியுமா?

ஏமாற்றுக்காரர்கள்

கதை எப்போதும் ஒன்றுதான். நகர மையத்தில் பளபளப்பான வீடு, 350 யூரோ. வீட்டுக்காரர் வேலை நிமித்தம் லண்டனில் இருக்கிறார். சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முன்பணத்தை மட்டும் போட்டுவிடு, பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்பார். நம்பிக்கை வருவதற்காகத் தன் பாஸ்போர்ட் நகலை அனுப்புவார். அது முன்பு அவரிடம் ஏமாந்த வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கும்.

படங்களைக் கூகிளில் போட்டுத் தேடுங்கள். வீடியோ அழைப்பில் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஊர்த் தமிழ் மாணவர் வாட்ஸாப் குழுவில் கேட்டால், யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒப்பந்தம் கைக்கு வராமல் ஒரு யூரோ அனுப்பக் கூடாது. பாஸ்போர்ட் நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்த வீட்டுக்கு, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். இறங்கிய பிறகு, "தங்க வேண்டாம், பதிவுக்கு மட்டும் முகவரி தருகிறேன், 300 யூரோ" என்று சிலர் வருவார்கள். குடியிருக்காத முகவரியில் பதிவது சட்டவிரோதம், விசா கையில் வைத்திருக்கும் நமக்கு அந்த வம்பு வேண்டவே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது

வாடகையில் இரண்டு வகை எழுதியிருக்கும். கால்ட்மீட்டே என்றால் 'குளிர் வாடகை', அறைக்கு மட்டும். வார்ம்மீட்டே என்றால் 'சூடான வாடகை', ஹீட்டிங், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்து. ஒப்பிடும்போது சூடானதையே ஒப்பிடுங்கள். மின்சாரமும் இணையமும் அதிலும் அடங்காமல் இருக்கலாம், கேட்டுவிடுங்கள். ஹீட்டிங் தொகை பெரும்பாலும் உத்தேசக் கணக்கு. ஆண்டு முடிவில் உண்மைக் கணக்கு வரும்போது, ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவைத்து ஹீட்டரை ஐந்தில் ஓடவிட்டவருக்குக் கூடுதல் பில் வரும்.

கவுட்ஸியோன் எனும் முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு என்பது வழக்கமான விதி. தனி வீடு எடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு அதிர்ச்சி: பல வீடுகளில் சமையலறை என்பது வெறும் சுவரும் குழாயும்தான், அடுப்பையும் தொட்டியையும்கூடப் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார்.

பெட்டி

சுருக்கமாகச் சொல்கிறேன். அசல் சான்றிதழ், ஏபிஎஸ், அட்மிஷன் கடிதம், காப்பீட்டுக் காகிதம் எல்லாம் கைப்பையில். மின்சாரம் அங்கும் 230 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, இரண்டு அடாப்டரும் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் போதும். சின்ன குக்கர் ஒன்று. அம்மா எவ்வளவு சொன்னாலும் நெய், பால்கோவா, கருவாடு, பச்சைக் கருவேப்பிலை பெட்டியில் வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை, செடி கொடிக்கும் சான்றிதழ் கேட்பார்கள், கருவாட்டு வாசம் மற்ற துணிகளையும் விட்டுவைக்காது. ஓரளவு பெரிய ஊர் எதிலும் ஈழத்தமிழர் கடை ஒன்று இருக்கும். இட்லி அரிசி முதல் முருங்கைக்காய் வரை அங்கே கிடைக்கும்.

சாவி வாங்கும் நாள்

அறைக்குள் பெட்டியை வைப்பதற்கு முன் சுவர், தரை, ஜன்னல், மெத்தை எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள். ஒரு கீறல் இருந்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் முழுதாகத் திரும்புவது இந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

அடுத்து கதவு. அங்கே கதவை இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து கைப்பிடி திரும்பாது. குடிபுகுந்த இரண்டாம் ஞாயிறு, குப்பை கொட்டச் செருப்போடு இறங்கினேன். சாவி மேசையில், வீட்டில் யாருமில்லை. வந்த பூட்டுக்காரர் இரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்தார், வாங்கியது 220 யூரோ. சாவி தொலைந்தால் இன்னும் மோசம், சில கட்டடங்களில் மொத்தப் பூட்டையும் மாற்றி பில்லை நம்மிடம் கொடுப்பார்கள். மாதம் ஐந்து யூரோ அளவில் கிடைக்கும் ஹஃப்ட்ஃப்லிஷ்ட் என்ற பொறுப்புக் காப்பீட்டைச் சாவி இழப்பும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காற்று. தினமும் இரண்டு மூன்று முறை, குளிர்காலத்திலும், ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் வைத்து மூட வேண்டும். குக்கர் ஆவியும் அறைக்குள் காயும் துணியும் சேர்ந்து சுவரில் கருப்புப் பூஞ்சை பூத்தால் முன்பணத்தில் கை வைப்பார்கள். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். கடுகு வெடிக்கும் புகைக்கு எங்கள் மாடி அலாரம் இரண்டு முறை அலறியது.

பதிவும் தபால் பெட்டியும்

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நகராட்சி அலுவலகத்தில் ஆன்லைனில் நேரம் வாங்கிவையுங்கள், செப்டம்பர், அக்டோபரில் வாரக்கணக்கில் கிடைக்காது. பாஸ்போர்ட், பதிவுக்கான விண்ணப்பப் படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிப் படிவம், இவ்வளவுதான் தேவை. பத்து நிமிட வேலை. கையில் கிடைக்கும் பதிவுச் சான்றை ஐந்தாறு நகல் எடுத்துக்கொண்டு வங்கி, பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனம், காப்பீடு, பல்கலைக்கழகம் என்று வரிசையாகக் கொடுங்கள். முப்பது வயது தாண்டியவர்களுக்கு மாணவர் காப்பீட்டுச் சலுகை கிடைக்காது, அவர்கள் காப்பீட்டு விஷயத்தை ஊரிலேயே முடித்துவிட்டு வரட்டும். விசா முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு எழுதிவிடுங்கள்.

இதற்குப் பிறகு எல்லாமே தபாலில் வரும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில், வரி எண் வேறொன்றில். அங்குள்ள அடுக்குமாடிகளில் நம்மூர் மாதிரி 'இரண்டாம் மாடி, எஃப்-4' என்று கதவு எண் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் என் பெயரை அழகாக எழுதி ஒட்டிவைத்திருந்தேன். மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை. வங்கியில் போய்க் கேட்டால், அனுப்பிய இரண்டு கடிதமும் "இப்பெயரில் யாருமில்லை" என்று திரும்பி வந்துவிட்டதாம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது என் அப்பா பெயர். ஜெர்மன்காரர்களுக்கு நான் திருவாளர் முருகேசன்.

அன்றே அப்பா பெயரையும் என் பெயரையும் சேர்த்து எழுதி, மேலே செலோடேப் போட்டு ஒட்டினேன். இரண்டாம் நாள் முருகேசன் பெயருக்கு முதல் கடிதம் வந்தது. வங்கி அட்டை என்று ஆசையாகப் பிரித்தேன். ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு வந்த நோட்டீஸ். எங்கள் அறையில் டிவியே கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டாம். இப்போது அது மாதம் 18.36 யூரோ. ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும் என்பதால், எங்கள் பகிர்வு வீட்டில் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த பூனைக்காரி லேனாவின் கட்டண எண்ணை எழுதி அனுப்பி, என் பங்கை மாதாமாதம் அவளிடம் கொடுத்துவந்தேன்.